ஏழாம் கேள்விக்குச் சரியான விடை

அநியாயம் நடந்தது எனக்குத்தான், அக்கா. அதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இதைக் கேட்கிற எல்லோரும் பாதியிலேயே பாண்டீஸ்வரி பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். என் அம்மாவே சாய்ந்துவிட்டார். தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "பாவம்டி அந்தப் பிள்ளை" என்றார். எந்தப் பிள்ளை? முப்பத்தோரு வயது, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். ஒரே ஒரு கேள்விக்கு வேண்டுமென்றே நாலு தடவை தப்பு விடையை அமுக்கி, என் நூறு சதவீதத்தைக் கெடுத்து, இருநூறு பேர் உட்கார்ந்திருந்த கருத்தரங்கில் மேடையில் வைத்து என் மானத்தை வாங்கியவள். நடந்தது இவ்வளவுதான். இப்போது சொல்லுங்கள், யார் பாவம்?

நீங்களும் திருப்பூரா? நல்லது. திண்டுக்கல்லிலிருந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தால் தலைவலிதான் வரும். கேளுங்கள், இன்று அங்கே விசாரணை. நான் என்ன பேசப் போகிறேன் என்று எனக்கும் ஒரு ஒத்திகை ஆயிற்று.

நான் யுனிவர்சிட்டியில் எம்.எஸ்சி. இரண்டாம் வருடம். போனில் படிக்கிற பாடம் தயாரிப்பதுதான் என் படிப்பு. வீடியோவா என்று கேட்காதீர்கள், எல்லோரும் அதையே கேட்கிறார்கள். வீடியோ அதுபாட்டுக்கு ஓடும், நீங்கள் கொட்டாவி விடுவீர்கள். நாங்கள் செய்கிற பாடம் உங்களைச் சும்மா விடாது. கேள்வி கேட்கும், நீங்கள் விரல் வைத்தால்தான் நகரும். படத்தை இழுத்துப் பெட்டிக்குள் போட வேண்டும், அட்டையைத் திருப்ப வேண்டும். சரியாகச் செய்தால் கைதட்டும், பூக்கொட்டும். பொத்தான் எல்லாம் கட்டைவிரல் எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் ஒரு கையில் போன், இன்னொரு கையில் பஸ் கம்பி. அதோ முன்னால் நிற்கிறாரே, பச்சைச் சட்டை, அவர் எப்படிப் பிடித்திருக்கிறார் பாருங்கள். அந்தக் கட்டைவிரலைப் பற்றி மட்டும் நான் எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறேன்.

அந்தப் பனியன் கம்பெனியிலிருந்து எங்கள் அருளப்பன் சாருக்கு ஒரு வேலை வந்தது. அவர் என் கைடு. வெளிநாட்டில் துணி வாங்குகிறவர்கள் சொல்லிவிட்டார்களாம், லைனில் தைக்கிற பெண்கள் எல்லோரும் ஒரு பாடம் படித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று. என்ன பாடம்? வேலை செய்கிற இடத்தில் யாராவது தப்பாக நடந்துகொண்டால் யாரிடம், எப்படிப் புகார் சொல்வது. எண்பத்தைந்து பெண்கள். சார் என்னைக் கூப்பிட்டு, "சூர்யகலா, நீதான் வாய் உள்ள பொண்ணு, நீ பண்ணு" என்றார்.

முதல் நாள் கம்பெனிக்குப் போனேன். வாசல் கேட் பக்கத்தில் சின்னச் சின்ன அறையாக ஒரு மர அலமாரி. ஒவ்வொரு அறையிலும் ஒரு போன், பக்கத்தில் டோக்கன். காலையில் உள்ளே போகும்போது போனைக் கொடுத்துவிட வேண்டும், வேலை முடிந்து வெளியே வரும்போதுதான் கைக்கு வரும். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எண்பத்தைந்து போன், எல்லாம் தொடுதிரை. படம் எடுத்து அறிக்கையின் முதல் பக்கத்தில் போட்டேன். கீழே, ‘ஒவ்வொரு தொழிலாளியின் கையிலும் கைப்பேசி’ என்று எழுதினேன்.

ஏன் சிரிக்கிறீர்கள்?

சரி. பாடத்துக்குப் பெயர் ‘தைரியமாய்ச் சொல், தேன்மொழி’. தேன்மொழி என்பவள் தையல்காரப் பெண், நான் உண்டாக்கியவள். கண், மூக்கு, குரல் எல்லாம் நான் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. குரல் கம்ப்யூட்டர் குரல்தான். ஆனால் தேனாக இருக்கும். எழுதப் படிக்க வராதவர்களுக்குக்கூடக் கஷ்டம் இருக்கக் கூடாது என்று, திரையில் எது வந்தாலும் தேன்மொழியே வாய்விட்டுப் படிப்பது போல வைத்தேன். எது வந்தாலும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனியின் எச்.ஆர். கோகுல்நாத் என்று ஒருவர். எதற்கெடுத்தாலும் "ஏனுங்க மேடம்" என்று ஆரம்பிப்பார். "ஏனுங்க மேடம், தேன்மொழிக்குச் சுடிதார் எதுக்குங்க, சேலை கட்டி விட்டா லட்சணமா இருக்குமில்லீங்க" என்றார். நான் விடுவேனா? தையல் மிஷினில் உட்காருகிற பெண்ணின் உடையை மேஜை நாற்காலியில் உட்காருகிற ஆண் எப்படித் தீர்மானிக்கலாம் என்று மூன்று நாள் சண்டை போட்டேன். மெயிலில் பதினேழு பாயின்ட். கடைசியில், "சரிங்க மேடம், உங்க இஷ்டம்" என்று விட்டுவிட்டார். தேன்மொழி சுடிதார்தான் போட்டிருக்கிறாள்.

அந்த மூன்று நாளில் அவர் இன்னொரு சின்ன விஷயமும் கேட்டார். அதில் நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. எல்லாவற்றிலும் நாமே ஜெயித்தால் நன்றாக இருக்காது இல்லையா? அது ஏழாம் கேள்வி. சூப்பர்வைசர் வந்து தேன்மொழியின் தோளில் கையை வைக்கிற படம் வரும். "தேன்மொழி முதலில் யாரிடம் சொல்ல வேண்டும்?" மூன்று விடை. ஒன்று, லைன் சூப்பர்வைசரிடம். இரண்டு, யாரிடமும் சொல்லக் கூடாது. மூன்று, புகார்க் கமிட்டியிடம். நான் மூன்றாவதுக்குத்தான் பச்சை டிக் போட்டிருந்தேன்.

கோகுல்நாத் சொன்னார், "ஏனுங்க மேடம், எடுத்ததும் கமிட்டின்னா லைன்ல ஒரு ஒழுங்கு வேணாங்களா? முதல்ல சூப்பர்வைசர்கிட்ட சொல்லட்டும், அவர் பாத்துக்குவார்."

நான் கேட்டேன், "சார், கையை வைக்கிறதே சூப்பர்வைசர்தானே?"

"அது படத்துல இருக்கிற சூப்பர்வைசருங்க. விடையில இருக்கிறது பொதுவா சூப்பர்வைசருங்க. வேற சூப்பர்வைசர்னு நினைச்சுக்குவாங்க."

படத்தை மாற்றலாம் என்றால் வரைந்து அசைவு கொடுத்து முடித்தாகிவிட்டது, மறுபடி செய்ய இரண்டு வாரம் ஆகும். டிக்கை மாற்றுவது இரண்டு நிமிட வேலை. மூன்றாவது வரியிலிருந்து முதல் வரிக்கு நகர்த்தினேன். எழுத்து ஒன்றைக்கூட மாற்றவில்லை, ஒரு டிக்தான். சுடிதாரில் ஜெயித்திருக்கிறேன், ஒரு டிக்கில் என்ன போய்விடும்?

அப்புறம், ஆட்கள் முடிக்க வேண்டுமே. இந்த மாதிரிப் பாடத்தை நூறு பேர் ஆரம்பித்தால் முப்பது பேர் முடித்தால் பெரிய விஷயம். நான் கோகுல்நாத்திடம் ஒரு யோசனை சொன்னேன். கேட்டில் கார்டு வைத்துத்தானே உள்ளே போகிறார்கள்? மாதக் கடைசிக்குள் சான்றிதழ் வாங்காதவர்களின் கார்டுக்கு ஒன்றாம் தேதியிலிருந்து சிவப்பு விளக்கு எரியட்டும். அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. இந்த யோசனைக்காகவே அருளப்பன் சார் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். உள்ளே நுழைய யாருக்கும் சிரமம் வேண்டாம் என்று ஒவ்வொருவரின் ரோல் நம்பரையே பாஸ்வேர்டாக வைத்தேன். மாற்ற விரும்புகிறவர்கள் மாற்றிக்கொள்ள ஒரு பொத்தானும் வைத்தேன். கடைசிப் பக்கத்தில் ஒரு கருத்துப் பெட்டி. அதில் எழுதுவது பாடம் படிக்கிற எல்லோருடைய போனிலும் தெரியும். ஆனால் ஒரு நிபந்தனை, பாஸ் செய்தவர்களுக்குத்தான் அந்தப் பெட்டி திறக்கும். படிக்காமலே கருத்துச் சொல்கிற வழக்கம் நம் ஊரில் எவ்வளவு, உங்களுக்குத் தெரியாதா?

பாடத்தை விட்டது ஒரு வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டாஷ்போர்டைத் திறக்கிறேன். அது நான் மட்டும் பார்க்கிற பக்கம், யார் முடித்தார்கள், யார் முடிக்கவில்லை என்று காட்டும், கருத்துப் பெட்டியில் எழுதுவதும் அங்கே வரும். முடித்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. அக்கா, எண்பத்து நான்கு பச்சை. ஒரே நாளில்.

எப்படி முடித்திருந்தார்கள் தெரியுமா? அங்கேதான் நான் ஆடிப்போய்விட்டேன். காலை ஒன்பது மணிக்கு ரோல் நம்பர் ஒன்று ஆரம்பிக்கிறார். இருபத்தைந்து நிமிடப் பாடத்தை நான்கே நிமிடத்தில் முடிக்கிறார். அவர் முடித்ததும் இரண்டு ஆரம்பிக்கிறார். அவர் முடித்ததும் மூன்று. க்யூவில் நிற்பதுபோல, ஒருவரை ஒருவர் முந்தவில்லை. ஒரு மணிக்குக் கால் மணி நேரம் எல்லோரும் சேர்ந்தாற்போல் சாப்பிடப் போயிருக்கிறார்கள். மூன்று மணிக்குள் எண்பத்தைந்தாம் நம்பர் வரை முடிந்துவிட்டது. படிக்காதவர்களுக்குள் எவ்வளவு கட்டுப்பாடு பாருங்கள் என்று அருளப்பன் சாருக்குப் போன் போட்டே சொன்னேன். எல்லோரும் நூற்றுக்கு நூறு.

இன்னொன்று. பாடத்தின் தொடக்கத்தில் அவரவருக்குப் பிடித்த ஒரு பொம்மையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், சேலை கட்டிய அக்கா, சுடிதார் போட்ட தங்கை, மீசை வைத்த அண்ணன். எண்பத்து நான்கு பெண்களும் மீசையைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஆண், பெண் என்கிற வேலியை என் பாடம் எப்படி உடைத்திருக்கிறது என்று கட்டுரையில் ஒரு அத்தியாயமே எழுதினேன். நீங்கள் மறுபடியும் சிரிக்கிறீர்கள். எனக்கும் இப்போது தெரியும் அக்கா. அன்றைக்கு என்ன தெரியும்? எண்ணைப் பார்த்தேன், நம்பினேன். எண் பொய் சொல்லாது என்றுதான் எங்களுக்குப் பாடம்.

அந்த ஒரே ஒரு சிவப்பு, நாற்பத்தொன்றாம் நம்பர். பாண்டீஸ்வரி. நாற்பதுக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவில், விழுந்த பல் மாதிரி. ஞாயிற்றுக்கிழமை பதினொன்றே முக்காலுக்கு அந்த நம்பரில் மூன்று முறை தப்புப் பாஸ்வேர்டு போட்டிருந்தது. பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டவர் எண்பத்தைந்து பேரில் இவர் ஒருவர்தான். மாற்றியதும் அல்லாமல் மறந்தும் போயிருக்கிறார் என்று நினைத்து, ‘கற்பதில் அக்கறைக் குறைவு’ என்று குறித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் வேலை முடிந்தபின் அந்த அக்கறை இல்லாதவர் உள்ளே வந்தார். நாற்பது நிமிடம் இருந்தார். ஒரு பக்கத்தையும் தாண்டவில்லை, தேன்மொழி பேசிய ஒவ்வொரு சொல்லையும் கேட்டிருக்கிறார். சேலை கட்டிய அக்காவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். எல்லாம் சரி, ஏழாம் கேள்வி மட்டும் தப்பு. மூன்றாவது விடையை அமுக்கியிருக்கிறார். ‘தவறான விடை, மீண்டும் முயல்க’ என்று தேன்மொழி சொல்லியிருப்பாள். ஏழாம் கேள்வி முக்கியக் கேள்வி, அது தப்பானால் மொத்தமும் ஃபெயில். செவ்வாய்க்கிழமை மறுபடி நாற்பது நிமிடம், மறுபடி மூன்றாவது விடை. புதன், வியாழன், அதே கதை. என் நிலைமையை யோசியுங்கள். ஒன்றாம் தேதி கருத்தரங்கு. சிறந்த ஆய்வுக்குப் பரிசு. என் கட்டுரையின் தலைப்பு ‘நூறு சதவீதம்’ என்று அச்சாகிவிட்டது. நூறு எங்கே இருக்கிறது? தொண்ணூற்றெட்டு புள்ளி எட்டு.

நானே உள்ளே போய் அந்தச் சிவப்பைப் பச்சையாக்கியிருக்கலாம், ஒரு சொடுக்குதான். ஆனால் எனக்கு நேர்மை என்று ஒன்று இருக்கிறது. அதனால் சாயங்காலம் வேலை விட்டபின் அவருக்குப் போன் போட்டேன்.

"மேடம், நானே உங்களுக்குப் பேசணும்னு நினைச்சேன். அந்த ஏழாங் கேள்வி தப்பா இருக்கு" என்றார், எடுத்த எடுப்பில்.

"கேள்வி தப்பா இருக்காதுங்க. உங்க விடைதான் தப்பு."

"கைய வெச்சவர்கிட்டயே போய், அண்ணே நீங்க கைய வெச்சீங்கன்னு சொல்லணுமா மேடம்?"

"இது ஒரு கற்பனையான சூழ்நிலைங்க."

"கற்பனையா" என்றார். கேள்வி மாதிரியும் இல்லை, பதில் மாதிரியும் இல்லை.

நான் எடுத்துச் சொன்னேன். "பாருங்கக்கா, முதல் விடைய அமுக்குங்க, சான்றிதழ் வாங்கிக்கங்க. நிஜத்துல நீங்க யார்கிட்ட வேணும்னாலும் சொல்லிக்கங்க. பாடம் வேற, வாழ்க்கை வேற."

"அப்ப எதுக்கு மேடம் படிக்கச் சொல்றீங்க?"

"ஒண்ணாந் தேதி கேட்ல உங்க கார்டு எடுக்காது. தெரியும்ல?"

"தெரியும் மேடம். உசிலம்பட்டில ரெண்டு பிள்ளைகள எங்கம்மாகிட்ட விட்டுட்டு வந்திருக்கேன். வேலை போனா என்ன ஆகும்னு எனக்குத்தான் நல்லாத் தெரியும். இருந்தாலும் அந்த விடைய அமுக்க என் விரல் போக மாட்டேங்குது."

"அது விரல் பிரச்சினை இல்லக்கா, மனப்பான்மைப் பிரச்சினை."

போனை வைத்துவிட்டார். வாதத்தில் பதில் இல்லாதவர்கள்தான் போனை வைப்பார்கள். அன்று இரவே கோகுல்நாத்துக்கு, ‘முடிக்காதவர் பட்டியல்: 41’ என்று முறைப்படி மெயில் அனுப்பினேன். விதி என்று ஒன்று இருக்கிறது இல்லையா? அதுவும் நானே சொன்ன விதி.

ஒரு நிமிஷம் அக்கா.

கண்டக்டர் அண்ணே. கண்டக்டர் அண்ணே, இங்க வாங்க. பின்னாடி சீட்ல இருக்கிற ஆள் சீட் இடுக்குல கைய விடுறார். தாராபுரத்துலருந்து பாக்குறேன், தெரியாமப் பட்டிருக்கும்னு ரெண்டு தடவை நகந்து உக்காந்தேன். இது மூணாவது தடவை. நீங்க எந்திரிச்சு முன்னாடி போய் நில்லுங்க சார். தூக்கமா? தூங்குற கை இவ்வளவு தூரம் நடந்து வருமா? அண்ணே, இவரை முன்னாடி படிக்கட்டுப் பக்கம் அனுப்புங்க, இல்லாட்டி வண்டிய ஸ்டேஷனுக்கு விடுங்க. ஆங், அப்படி.

பார்த்தீர்களா, எழுந்து போகும்போது எவ்வளவு நல்லவன் மாதிரிப் போகிறான். இப்படிப்பட்டவர்களை அந்த இடத்திலேயே, அதிகாரம் இருக்கிறவரிடம் நேரே சொல்லிவிட வேண்டும் அக்கா. என்ன கேட்கிறீர்கள்? முதலில் அவனிடமே ஏன் சொல்லவில்லை என்றா? எனக்கென்ன பைத்தியமா, கையை விடுகிறவனிடமே போய்…

இல்லை. அது வேறு அக்கா. இது பஸ். அது பாடம். நீங்கள் இரண்டையும் குழப்புகிறீர்கள்.

ஏழாம் கேள்விக்கு நான் எதை அமுக்குவேன் என்று கேட்கிறீர்களா? பாடம் தயாரித்தவர்கள் பரீட்சை எழுத மாட்டார்கள்.

தண்ணீர் இருக்கிறதா உங்களிடம்? கொஞ்சம் கொடுங்கள்.

ஒன்றாம் தேதி. கருத்தரங்கு நடந்த ஹால் பெரிய ஹால், ஸ்பீக்கரும் நல்ல ஸ்பீக்கர். முன் வரிசையில் அருளப்பன் சார், கோகுல்நாத், துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியின் சென்னை ஆபீஸிலிருந்து ஒரு அம்மா, கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்திருந்தார். மற்றவர்கள் எல்லாம் செத்த படங்களைக் காட்டிப் பேசினார்கள். நான் டாஷ்போர்டையே உயிரோடு திரையில் போட்டேன். எண்பத்து நான்கு பச்சை, ஒரு சிவப்பு. அந்தச் சிவப்புக்கும் ஒரு விளக்கம் தயாராக வைத்திருந்தேன், ‘மாற்றத்தை ஏற்க மறுக்கும் மனம்’ என்று.

அதே நேரத்தில் பாண்டீஸ்வரி கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்திருக்கிறார். கார்டு வைத்ததும் சிவப்பு எரிந்திருக்கிறது, செக்யூரிட்டி நிறுத்திவிட்டார். இதுதான் அக்கா எனக்கு ஆறவே ஆறாத விஷயம். உள்ளே விட்டிருந்தால் போனை வாங்கி அலமாரியில் வைத்திருப்பார்கள், அவர் பாட்டுக்கு மிஷினில் உட்கார்ந்து தைத்திருப்பார். வெளியே நிறுத்தியதால் போன் கையில் இருந்தது. வேறு வேலையும் இல்லை.

நான் விளக்கம் சொல்ல வாயைத் திறக்கிறேன், நாற்பத்தொன்று பச்சையாகிறது. எல்லோர் கண் முன்னாலும். ஹால் முழுக்கக் கைதட்டல். திரையில் பூக்கொட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "பார்த்தீர்களா, கடைசி ஒருவரையும் என் பாடம் விடவில்லை" என்று மைக்கில் சொன்னேன். அருளப்பன் சார் எழுந்தே நின்றுவிட்டார்.

அப்புறம்தான் அந்தக் கருத்துப் பெட்டி திறந்தது. எது வந்தாலும் வாய்விட்டுப் படிப்பாள் என்று சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? என் தேன்மொழி, சுடிதாருக்காக நான் மூன்று நாள் சண்டை போட்ட தேன்மொழி, அதே தேன் குரலில், ஒரு சொல் விடாமல், நிறுத்தி நிதானமாக, இருநூறு பேர் முன்னால் படித்தாள். நிறுத்துகிற பொத்தானைத் தேடுகிறேன், இல்லை. கேட்பவர்கள் முழுதும் கேட்க வேண்டும் என்று அதை நான் வைக்கவே இல்லை. அவள் படித்து முடித்ததும் அந்தச் சென்னை அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இன்னொரு தடவை போடுங்க" என்றார். மறுபடி கேட்கிற பொத்தானை மட்டும் பெரிதாக, கட்டைவிரல் எட்டுகிற இடத்தில் வைத்திருந்தேன்.

பரிசு யாருக்கோ போயிற்று. நெல் வயலில் பூச்சி பார்க்கிற ஏதோ ஒரு பாடம்.

இதோடு முடிந்ததா? அந்தக் கருத்துத்தான் எல்லோருடைய போனிலும் தெரியுமே. அன்று சாயங்காலம் வேலை முடிந்து, அலமாரியிலிருந்து போனை வாங்கினார்கள் பாருங்கள், எண்பத்து நான்கு பேரும் ஆளுக்கொரு புதுப் பாஸ்வேர்டு மாற்றினார்கள். பாடத்தை முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். இருபத்தைந்து நிமிடம், முப்பது நிமிடம் உட்கார்ந்து கேட்டார்கள். ஒருவர்கூட மீசையைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஏழாம் கேள்வி வந்ததும் எண்பத்து நான்கு பேரும் மூன்றாவது விடையை அமுக்கினார்கள். கடைசியாக எழுதியதுதான் கணக்கு, அதனால் டாஷ்போர்டில் பச்சை ஒவ்வொன்றாகச் சிவந்துகொண்டே போயிற்று. கடைசியில் பாண்டீஸ்வரி ஒருவர்தான் பச்சை. ஒரு பாடம் படித்தவர்களில் இத்தனை பேர் ஒரே நாளில் ஃபெயிலானது எங்கள் துறையிலேயே இல்லை என்று அருளப்பன் சார் சொல்கிறார். இப்போது அவர் எனக்கு டீ வாங்கித் தருவதில்லை.

மறுநாள் கம்பெனியால் என்ன செய்ய முடியும்? எண்பத்து நான்கு கார்டுக்கும் சிவப்பு எரிந்தால் லைனில் யார் தைப்பது? கேட்டிலிருந்த கார்டு மிஷினையே கழற்றி வைத்துவிட்டார்களாம். பாண்டீஸ்வரி எப்போதும்போல் உள்ளே போய்விட்டார். நாச்சிமுத்து என்று அந்த லைனின் சூப்பர்வைசர், அவரை லீவில் அனுப்பியிருக்கிறார்கள். சென்னை அம்மா தலைமையில் இன்று விசாரணை. கோகுல்நாத் சொல்லிவிட்டாராம், "ஏனுங்க, அந்த விடைய நாங்களா போட்டோம்? மேடம்தான் போட்டாங்க" என்று. சுடிதாருக்கு அனுப்பிய பதினேழு பாயின்ட் மெயில் என்னிடம் இருக்கிறது. டிக்கை மாற்றச் சொன்னதற்கு ஒரு வரி மெயில் கிடையாது. போனில் சொன்னார், மாற்றிவிட்டேன்.

இதில் நான் என்ன தப்புச் செய்தேன், சொல்லுங்கள். கையை வைத்தேனா? யாருக்காவது பரீட்சை எழுதிக் கொடுத்தேனா? பாண்டீஸ்வரிக்கு மறுப்பு எழுதலாம் என்று மூன்று நாளாக உட்காருகிறேன். வாதம் என்று வந்தால் நான் விட்டதே இல்லை. ‘அன்புள்ள பாண்டீஸ்வரி அவர்களுக்கு’ என்று எழுதுகிறேன், அதற்கு மேல் ஓடவில்லை. அவர் எழுதியதை எழுபது தடவை படித்துவிட்டேன், எந்த இடத்தில் பிடித்து இழுப்பது என்று தெரியவில்லை.

அப்படி என்னதான் எழுதினார் என்றா? போனில் இருக்கிறது. இந்தாருங்கள், இல்லை, நானே படிக்கிறேன், தேன்மொழி குரல் வேண்டாம். திருப்பூரும் வந்துவிட்டது, அதோ பாலம் தெரிகிறது. சின்னதுதான், கேளுங்கள்.

"சூர்யகலா மேடத்துக்கு 41 பாண்டீஸ்வரி எழுதுறது. அஞ்சாவது தடவை நீங்க சொன்ன முதல் விடையவே அமுக்கிட்டேன். பூக்கொட்டுச்சு. இந்தப் பெட்டி திறக்க வேற வழி இல்ல. மத்த எண்பத்துநாலு பேரும் உங்க பாடத்தக் கண்ணால பாத்ததில்ல. ஞாயித்துக்கிழமை நாச்சிமுத்து அண்ணன் ஆபீஸ்ல உக்காந்து எல்லார் நம்பரையும் போட்டு அவரே அமுக்கிட்டார். எங்க லைன்ல கைய வைக்கிறதும் அவர்தான். இப்ப நான் ஒரு கேள்வி கேக்குறேன். கைய வெச்சவர்கிட்டயே போய்ச் சொல்லுன்னு பச்சை டிக் போட்டது யாரு? ஒண்ணு, கம்பெனி. ரெண்டு, யுனிவர்சிட்டி. மூணு, நீங்க. எத்தனை தடவை வேணும்னாலும் அமுக்கலாம் மேடம். சரியான விடைய அமுக்குற வரைக்கும் அடுத்த பக்கம் வராது."